தண்ணீர் எத்தனை சுற்று சுற்றுது?

டிவியில் மேட்ச் ஓடும்போது ஓவருக்கு ஓவர் ஒரு கம்பி விளம்பரம் வருமே, கவனிச்சிருப்பீங்க. ஹீரோ கம்பியை வளைப்பார். பூகம்பம் வரும். பக்கத்து பில்டிங் எல்லாம் ஆடும், அந்தக் கம்பி போட்ட வீடு மட்டும் அசையாது. கடைசியில் 'டி.எம்.டி.' என்று மூன்று எழுத்து ஸ்கிரீன் முழுக்க வரும். அந்த மூன்று எழுத்துக்குப் பின்னாடி என்ன இருக்கு என்று எந்த விளம்பரமும் சொல்லி நான் பார்த்ததில்லை. அதனால நானே சொல்லிடறேன். பெரும்பாலும் தண்ணீர்தான்.

தெர்மோ மெக்கானிக்கலி ட்ரீட்டட் என்பதன் சுருக்கம்தான் டி.எம்.டி. ரோலிங் மில்லின் கடைசி ஸ்டாண்டில் இருந்து கம்பி வெளியே வரும்போது கிட்டத்தட்ட 950 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். அதே வேகத்தில் அது ஒரு தண்ணீர்ப் பெட்டிக்குள் நுழைஞ்சு வெளியே வரும். உள்ளே இருக்கிற நேரம் ரொம்பக் கொஞ்சம். அந்த நேரத்தில் வெளித்தோல் மட்டும் சட்டென்று குளிர்ந்து மார்டென்சைட்டாக மாறும். உள்ளே இன்னும் சூடு இருக்கும். அந்தச் சூடு மெதுவா வெளியே வந்து தோலைப் பதப்படுத்தும். வெளியே கெட்டி, உள்ளே இளக்கம். பூகம்பத்தில் உடையாமல் வளைவது இந்த இரண்டும் சேர்ந்ததால்தான்.

மெட்டலர்ஜி லேப் இருக்கிற காலேஜ் என்றால் நீங்களே பார்க்கலாம். ஒரு துண்டு கம்பியைக் குறுக்கே வெட்டி, பாலிஷ் போட்டு, நைட்டால் தடவுங்க. ஓரத்தில் ஒரு கறுப்பு வளையம் தெரியும். அந்த வளையம் சுற்றிலும் ஒரே தடிமனில் இருந்தால் கம்பி நல்லா குளிர்ந்திருக்கு. ஒரு பக்கம் தடிமனா, இன்னொரு பக்கம் மெலிசா இருந்தால், தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி போகலை. ஏன் போகலை? பல காரணம் இருக்கலாம். அதில் ஒன்று, தண்ணீரில் இருந்த அழுக்கு வழியை அடைச்சிருக்கும்.

இந்தக் கட்டுரை அந்த அழுக்கைப் பற்றியது. நான் சொல்ல வருவது இதுதான்: ஸ்டீல் செய்கிற இடத்தில் தண்ணீரை வடிகட்டித் திரும்பத் திரும்பச் சுற்ற விடுவது ஓரமாக நடக்கிற எடுபிடி வேலை இல்லை. கம்பியின் தரமும் ஊருக்கு மிஞ்சுகிற தண்ணீரும் அந்த ஒரே இடத்தில்தான் முடிவாகுது. அந்த இடத்தைத்தான் நாம, அதாவது இன்ஜினியரிங் படிக்கிறவங்க, திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஷெட்டுக்குப் பின்னாடி

ஐ.வி. போயிருப்பீங்க. ஃபர்னஸ் முன்னாடி நின்னு போட்டோ, சிவப்பா பாம்பு மாதிரி ஓடுகிற கம்பிக்கு ஒரு ரீல்ஸ், கேன்டீன் சாப்பாடு, பஸ்ஸில் பாட்டு. எங்க பேட்ச் ஒரு ரோலிங் மில்லுக்குப் போனபோதும் அதேதான். ஷெட்டுக்குப் பின்னாடி என்ன இருக்கு என்று கேட்டதுக்கு, "அதெல்லாம் யூடிலிட்டி, பார்க்க ஒண்ணும் இல்ல" என்றார் எங்களைக் கூட்டிப்போனவர். நானும் இன்னொருத்தனும் மட்டும் போய்ப் பார்த்தோம்.

அங்கே ஒரு பெரிய குழி. பேரு ஸ்கேல் பிட். சூடான ஸ்டீல் காற்றில் பட்டதும் அதன் மேல் இரும்பு ஆக்சைடு தோல் ஒன்று உருவாகும், மீன் செதில் மாதிரி. ரோலில் நசுங்கும்போது அது உதிரும். உருட்டுகிற ஸ்டீலில் சுமார் 1 முதல் 3 சதவீதம் இப்படிச் செதிலாகப் போய்விடும். ரோலைக் குளிர வைக்கிற தண்ணீர் இந்தச் செதிலையும், பேரிங்கில் இருந்து கசியும் எண்ணெய், கிரீஸையும் அடிச்சுக்கிட்டு, தரைக்குக் கீழே இருக்கிற கால்வாய் வழியா இந்தக் குழிக்கு வந்து சேரும்.

இங்கே தொடங்குது சுத்தம் செய்கிற வேலை. கனமான செதில் குழியின் அடியில் தங்கும். கிரேன் ஒன்று அள்ளி வெளியே போடும். எண்ணெய் மேலே மிதக்கும். அதை ஒரு பெல்ட்டோ டிஸ்க்கோ வழிச்சு எடுக்கும். இரண்டுக்கும் நடுவில் தங்காமலும் மிதக்காமலும் அலைகிற நுண்ணிய துகள்தான் தலைவலி. அதற்கு பாலிஎலக்ட்ரோலைட் போட்டுத் திரள வைத்து, தெளிய விட்டு, பிறகு மணலும் ஆந்த்ரசைட்டும் நிரப்பிய பிரஷர் ஃபில்டரில் விடுவாங்க. நல்லா ஓடுகிற ஃபில்டரில் இருந்து வெளியே வரும் தண்ணீரில் லிட்டருக்கு 10, 20 மில்லிகிராம் அளவுக்குத்தான் துகள் மிஞ்சும். அது கூலிங் டவரில் ஏறி, சூடு ஆறி, மறுபடி மில்லுக்குப் போகும்.

ஃபில்டருக்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜ், பின்னால் ஒரு கேஜ். அங்கே இருந்த ஆபரேட்டர் அண்ணன் சொன்னார்: "இந்த ரெண்டு முள்ளுக்கும் நடுவுல வித்தியாசம் ஏறிக்கிட்டே போகும் தம்பி. ஏறிடுச்சுன்னா பேக்வாஷ் போடணும். போடாம விட்டா நாலு நாள்ல நாசில் அடைக்கும். அப்ப எல்லாரும் இங்க ஓடி வருவாங்க." அதுவரைக்கும் அவரைத் தேடி யாரும் வருவதில்லை என்பது அந்தப் பேச்சிலேயே இருந்தது.

அவர் சொன்ன நாசில் அடைப்பு சின்ன விஷயம் இல்லை. பெரிய ஆலைகளில் உருகிய ஸ்டீலை நேரடியாக நீளமான கட்டியாக வார்க்கிற கன்டினியுவஸ் காஸ்டிங் நடக்கும். தாமிர மோல்டைத் தண்ணீர் குளிர வைக்கும். மோல்டைத் தாண்டியதும் வரிசையா ஸ்பிரே நாசில்கள் அடிக்கும். அந்த நேரத்தில் வெளித்தோல் மட்டும்தான் கெட்டி, உள்ளே இன்னும் குழம்புதான். சில மில்லிமீட்டர் ஓட்டை உள்ள நாசில் நாலு அடைச்சால், அந்தப் பக்கம் மட்டும் சரியா குளிராது, விரிசல் விழும். மோல்டிலேயே குளிர்ச்சி கெட்டால் தோல் கிழிஞ்சு உருகிய ஸ்டீல் வெளியே கொட்டும். தண்ணீர் நீராவியாக மாறும்போது சுமார் 1,600 மடங்கு விரியும். உருகிய உலோகத்துக்கு அடியில் தண்ணீர் மாட்டினால் வெடிப்புதான். இண்டக்‌ஷன் ஃபர்னஸ் காயிலுக்கும் இதே கதை. அந்தத் தாமிரக் குழாய்க்குள் ஓடுகிற தண்ணீர் தடைப்பட்டால், பக்கத்தில் நிற்கிற மனுஷன் உயிருக்கே ஆபத்து. 'யூடிலிட்டி, பார்க்க ஒண்ணும் இல்ல' என்று சொல்கிற இடம் இது!

ஒரே பேரில் இரண்டு ஸ்கேல்

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுப் போவோம். எங்க கிளாஸிலேயே பல பேருக்கு இந்தக் குழப்பம் உண்டு.

ரோலிங் மில்லில் உதிர்கிற செதிலுக்கும் ஸ்கேல் என்றுதான் பேரு. குழாய்க்குள்ளே வெள்ளையாகப் படிகிறதுக்கும் ஸ்கேல் என்றுதான் பேரு. இரண்டும் வேற வேற. முதல் ஸ்கேல் இரும்பு ஆக்சைடு, தண்ணீரில் கரையாது, ஃபில்டர் பிடிச்சுடும். இரண்டாவது ஸ்கேல் தண்ணீரில் கரைஞ்சிருக்கிற கால்சியம், மெக்னீசியம் உப்பு. கரைஞ்சிருக்கும் வரை மணல் ஃபில்டர் அதை ஒன்றும் பண்ண முடியாது.

சேக்காட்டில் வீடு இருக்கிறவங்களுக்கு இரண்டாவது ஸ்கேலை நான் விளக்கவே வேண்டாம். போர் தண்ணீர் பிடிச்சு வைக்கிற எவர்சில்வர் குடத்தின் உள்ளே வெள்ளையா ஒரு படிவு, வாட்டர் ஹீட்டர் காயிலைக் கழட்டினா சுண்ணாம்பு பூசின மாதிரி ஒரு தோல், ஷவரில் பாதி ஓட்டை அடைப்பு. அதேதான் ஃபேக்டரி ஹீட் எக்ஸ்சேஞ்சரிலும் நடக்குது. இந்தப் படிவு தாமிரத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் மோசமாகத்தான் வெப்பத்தைக் கடத்தும். மெலிசா ஒரு தோல் படிந்தாலே போதும், எக்ஸ்சேஞ்சர் வேலை பாதியாகும்.

ஆக, அழுக்கை எடுக்க ஒரு வழி, உப்பை எடுக்க வேறு வழி. 'எங்ககிட்ட ஃபில்டர் இருக்கே' என்று ஒரு கம்பெனி சொன்னால் அது பாதி பதில்தான். மீதி பாதியைக் கேட்கணும்னா, கூலிங் டவரைக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும்.

ரசம் சுண்டினால் உப்பு கரிக்கும்

மெக் பசங்களுக்கு சைக்ரோமெட்ரிக் சார்ட் ஞாபகம் இருக்கும். மத்தவங்க பயப்பட வேண்டாம், ரசம் போதும். அடுப்பில் ரசத்தை மறந்து விட்டா என்ன ஆகும்? தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே இருக்கும். சுண்டச் சுண்ட உப்பு கரிக்கும். கூலிங் டவரும் அப்படித்தான். தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகிப் போவதால்தான் மீதித் தண்ணீர் குளிர்கிறது. ஆவியாகப் போவது சுத்தமான நீர். உப்பு பின்னாடி தங்கிவிடும். போதாததுக்கு டவர் ஊர்த் தூசியை எல்லாம் காற்றோடு இழுத்துத் தண்ணீரில் கலக்கும்.

உப்பு ஒரு அளவுக்கு மேல் ஏறினால் படியும், அரிக்கும். அதனால் கொஞ்சம் தண்ணீரைச் சாக்கடைக்குத் திறந்துவிட்டு, புதுத் தண்ணீர் சேர்ப்பாங்க. திறந்துவிடுவதன் பேரு ப்ளோடவுன். உள்ளே வரும் தண்ணீரைவிட, சுற்றுகிற தண்ணீரில் எத்தனை மடங்கு உப்பு இருக்கு என்பதுதான் செறிவுச் சுற்று. ஃபேக்டரியில் 'சைக்கிள்' என்று மட்டும் சொல்வாங்க. இரண்டு சைக்கிள் என்றால் இரண்டு மடங்கு உப்பு. ஐந்து சைக்கிள் என்றால் ஐந்து மடங்கு.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 1,000 கன மீட்டர் தண்ணீர் சுற்றுகிற ஒரு டவர், 10 டிகிரி குளிர வைக்குது என்று வைப்போம். இன்ஜினியர்கள் போடுகிற தோராயக் கணக்குப்படி, சுற்றுவதில் சுமார் 1.5 சதவீதம் ஆவியாகும். அதாவது மணிக்கு 15 கன மீட்டர். இதை யாரும் குறைக்க முடியாது, அது இயற்பியல். குறைக்க முடிவது ப்ளோடவுனைத்தான். ஆவியாகிற அளவை, சைக்கிளில் ஒன்று கழித்து வரும் எண்ணால் வகுத்தால் ப்ளோடவுன் கிடைக்கும்.

இரண்டு சைக்கிளில் ஓட்டினால் ப்ளோடவுன் 15. மொத்தம் மணிக்கு 30 கன மீட்டர் புதுத் தண்ணீர் வேணும்.

மூன்று சைக்கிள் என்றால் ப்ளோடவுன் 7.5. மொத்தம் 22.5.

ஐந்து சைக்கிள் என்றால் ப்ளோடவுன் 3.75. மொத்தம் 18.75.

எட்டு சைக்கிள் என்றால் ப்ளோடவுன் 2.1 சொச்சம். மொத்தம் 17.1 சொச்சம்.

இரண்டில் இருந்து ஐந்துக்குப் போனால் மணிக்கு 11.25 கன மீட்டர் மிச்சம். ஒரு நாளைக்கு 2,70,000 லிட்டர். நம்ம ஏரியாவில் ஓடுகிற 12,000 லிட்டர் லாரியில் சொன்னால், தினமும் இருபத்திரண்டு லாரிக்கும் மேல். ஐந்தில் இருந்து எட்டுக்குப் போனால் மிச்சம் மூணு லாரிதான். அதனால் 'ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது' என்று நான் வீரவசனம் பேசலை. முதல் படிகளில்தான் பெரிய லாபம் இருக்கு. அந்தப் படிகள் ராக்கெட் சயின்ஸும் இல்லை. துகளுக்கு, சுற்றுகிற தண்ணீரில் ஒரு பகுதியைத் தொடர்ந்து வடிகட்டுகிற சைட் ஸ்ட்ரீம் ஃபில்டர். உப்புக்கு, உள்ளே வரும் தண்ணீரை மென்மையாக்குகிற சாஃப்ட்னர். பிறகு, கண்டக்டிவிட்டி மீட்டரைப் பார்த்துத் தேவைக்கு மட்டும் திறக்கிற வால்வு. பல இடத்தில் நடப்பது என்ன தெரியுமா? வால்வைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு மறந்துடுவாங்க. அவ்வளவுதான்.

ரயிலில் வந்த தண்ணீர்

2019 கோடை ஞாபகம் இருக்கா? நம்மில் பல பேர் அப்போ பத்தாவதுதான். புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு வெடிச்சுக் கிடந்தது. லாரிக்கு டோக்கன், குடத்துக்கு வரிசை. ஜூலை மாசம் ஜோலார்பேட்டையில் இருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தாங்க. ஒரு ரயிலில் 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அரக்கோணம், திருவள்ளூர், பட்டாபிராம், ஆவடி என்று நம்ம தண்டவாளத்தில்தான் அந்த ரயில் போச்சு. சேக்காட்டுக்காரர்களுக்கு ரயில் சத்தம் கேட்டது, தண்ணீர் வேற ஊருக்குப் போச்சு.

மேலே போட்ட கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்க. ஒரே ஒரு டவர் இரண்டு சைக்கிளுக்கும் ஐந்து சைக்கிளுக்கும் நடுவில் விட்டுத்தள்ளுகிற தண்ணீர், ஒன்பது பத்து நாளில் அந்த முழு ரயிலுக்குச் சமம். இருநூறு கிலோமீட்டர் தாண்டி ரயிலில் கொண்டு வந்த தண்ணீருக்கு நாம விழா எடுத்தோம். ஒரு வால்வைச் சரியா மூடினால் மிஞ்சுகிற தண்ணீருக்கு ஒரு செய்திகூட வராது.

பெரிய ஸ்டீல் ஆலைகள் தண்ணீரைப் பார்த்துத்தான் இடம் பிடிச்சிருக்கு. ஜாம்ஷெட்பூர் சுவர்ணரேகாவும் கர்காயும் சேர்கிற இடம். நம்ம மாநிலத்தில் ஜே.எஸ்.டபிள்யூ.வின் சேலம் ஆலை மேட்டூர் அணைக்குப் பக்கத்தில் பொட்டனேரியில் இருக்கு. ஆவடி, அம்பத்தூர் பக்கம் அப்படி ஆறு எதுவும் இல்லை. கூவம் இருக்கே என்று சிரிக்காதீங்க. ஆனாலும் இரும்பு வேலை இங்கே பழசு. ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1950களிலேயே ஸ்டீல் குழாய் செய்யத் தொடங்கியாச்சு. 1961இல் ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரி வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபோர்ஜிங், ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங் என்று சந்துக்குச் சந்து பட்டறை. வடக்கே கும்மிடிப்பூண்டியில் இண்டக்‌ஷன் ஃபர்னஸும் ரோலிங் மில்லும். இவை எதிலும் ஜாம்ஷெட்பூர் அளவுக்குத் தண்ணீர் ஓடாது. ஆனா நம்ம மேற்குப் புறநகரில் பட்டறையும் வீடும் ஒரே மண்ணுக்கடியில் இருந்துதான் உறிஞ்சுது. பட்டறைக்கும் லாரி, நமக்கும் லாரி. அங்கே ஒரு சைக்கிள் ஏறினால் இங்கே ஒரு குடம் மிஞ்சும் என்று நேர் கணக்கு போட முடியாதுதான். ஆனால் திசை அதுதான்.

சட்டம் என்ன சொல்லுது? சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987இலேயே வந்தாச்சு. பெரிய ஒருங்கிணைந்த ஸ்டீல் ஆலைகளுக்கு 2003இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஓர் அளவு வைத்தன: கம்பி போன்ற நீள்வகைக்கு டன்னுக்கு 5 கன மீட்டர், தகடு வகைக்கு 8 கன மீட்டர். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு நாலு டன் கம்பி என்று வைத்தால், அந்த அளவின்படியே பார்த்தாலும் கம்பிக்கு மட்டும் 20,000 லிட்டர் தண்ணீர் செலவு. கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடியே வீடு இரண்டு லாரி குடிச்சிடுது!

உலக அளவில் ஒரு எண் அடிக்கடி சொல்வாங்க. உலக ஸ்டீல் சங்கத்தின் கணக்குப்படி ஒரு டன் ஸ்டீலுக்கு சராசரியாக 28 கன மீட்டர் சொச்சம் தண்ணீர் உள்ளே எடுக்கிறாங்க, அதில் சுமார் 90 சதவீதம் திரும்பிப் போயிடுது. கேட்க நல்லா இருக்கு. ஆனா கவனமா படிங்க. அதில் கடல் தண்ணீரை ஒரே தடவை எடுத்துக் குளிர வைத்து அப்படியே கடலில் விடுகிற ஆலைகளும் சேர்த்தி. திரும்பி விடுவது வேற, திரும்பச் சுற்றுவது வேற. கடற்கரை ஆலைக்கு முதல் கணக்கு போதும். ஆவடிக்குப் போதாது.

"கட்டுப்படி ஆகாது தம்பி"

இதைப் பேசினாலே வருகிற முதல் பதில் இது. பெரிய கம்பெனி செய்யும், இருபது பேர் வேலை பார்க்கிற பட்டறை எங்கே போகும்? நியாயமான கேள்வி.

திருப்பூரைப் பாருங்க. நொய்யல் ஆறு சாயத்தில் செத்த பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதுக்குப் பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறைக்குப் போக வேண்டி வந்தது. ஆர்.ஓ., எவாப்பரேட்டர், ஏகப்பட்ட கரண்ட், கடைசியில் என்ன செய்வதென்று தெரியாமல் குவிகிற உப்பு. முதலிலேயே கொஞ்சம் கொஞ்சமா செய்திருக்க வேண்டியதைக் கோர்ட் சொல்லி ஒரே நாளில் செய்தால் இதுதான் விலை. அங்கே தண்ணீர் சிவப்பா, நீலமா ஓடினதால் ஊர் கண்ணில் பட்டது. கூலிங் டவர் ப்ளோடவுனுக்கு நிறம் இல்லை. ஐந்து மடங்கு உப்போடு போனாலும் பார்க்கச் சாதாரணத் தண்ணீர்தான். அதனால்தான் யாரும் கேட்பதில்லை.

அதனால் சின்னப் பட்டறைக்கு நான் ஜீரோ டிஸ்சார்ஜ் கேட்கலை. ஒரு தெளிய வைக்கும் தொட்டி, ஒரு மணல் ஃபில்டர், ஒரு மீட்டர். இவை எல்லாம் பழைய டெக்னாலஜி. இதில் செலவாகிறது பணத்தைவிட கவனம். லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கிற பட்டறைக்கு, மிஞ்சுகிற லாரி ஒவ்வொன்றும் வருமானம். குழியில் அள்ளுகிற செதிலிலும் பெரும்பகுதி இரும்புதான், அதுக்கும் வாங்க ஆள் உண்டு. எண்ணெய் கலந்த சேறுதான் சிக்கல், அதை யாரும் எளிதில் வாங்க மாட்டாங்க. அதனால் எண்ணெயைச் சேற்றில் கலக்க விடாமல் முன்னாடியே வழிச்சு எடுப்பதும் லாபக் கணக்குதான்.

இன்னொரு வழியும் நம்ம ஊரிலேயே இருக்கு. சென்னைக் குடிநீர் வாரியம் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்குக் கொடுக்குது. இரண்டும் 2019இல் தொடங்கியவை. கோயம்பேட்டுத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை பைப்பில் போகுது. அதில் உப்பு குறைவு என்பதால் டவரை அதிக சைக்கிளில் ஓட்டலாம். போர் தண்ணீரைவிட மில்லுக்கு அது நல்ல தண்ணீர். நம்ம வீட்டுச் சாக்கடை நம்ம பக்கத்து ஃபர்னஸைக் குளிர வைக்கட்டும், நிலத்தடி நீர் குடிக்க இருக்கட்டும். அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துத் தொழில் சங்கங்கள் லாரி வாடகையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இந்தப் பைப்பைப் பற்றியும் கேட்கணும்.

இதில் நமக்கு என்ன?

பிளேஸ்மென்ட் சீசன் நடக்குது, உனக்கு எதுக்கு இந்தச் சாக்கடை வேலை என்று என் ஹாஸ்டல் நண்பன் கேட்டான். கேள்வி சரிதான். கோர் கம்பெனிக்குப் போகிறவங்களே குறைவு. போகிறவங்களும் டிசைன், புரொடக்‌ஷன், குவாலிட்டி என்றுதான் கேட்பாங்க. யூடிலிட்டியில் போட்டால் தண்டனை மாதிரி. மேனேஜ்மென்ட்டும் அப்படித்தான் நினைக்குது. அதனால்தான் அந்த ஆபரேட்டர் அண்ணன் மாதிரி ஆட்கள், யாரும் சொல்லிக் கொடுக்காமல், இரண்டு முள்ளைப் பார்த்து மொத்த மில்லையும் காப்பாத்திக்கிட்டு இருக்காங்க.

நம்ம சிலபஸிலும் இதே நிலைமைதான். ஹீட் டிரான்ஸ்ஃபரில் ஃபவுலிங் ஃபேக்டர் என்று ஒரு எண்ணை டேபிளில் இருந்து எடுத்துப் போடுவோம், மார்க் வாங்குவோம். அந்த எண் ஏன் மாறுது, யார் அதைக் குறைக்கிறாங்க என்று ஒரு வரி வராது. சிவில் பசங்க ரேபிட் சாண்ட் ஃபில்டர் படிக்கிறாங்க, குடிதண்ணீருக்கு மட்டும். மெக் பசங்க கூலிங் டவர் படிக்கிறாங்க, தண்ணீரில் என்ன கலந்திருக்கு என்று கேட்காமல். கெமிக்கல் பசங்களுக்குத் தண்ணீர் வேதியியல் தெரியும், ரோலிங் மில்லை அவங்க பார்த்ததே இல்லை. ஃபேக்டரியில் இந்த மூணும் ஒரே குழிக்குப் பக்கத்தில்தான் நிற்குது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு மூணு டிபார்ட்மென்ட்டும் சேர்ந்து ஒரு பட்டறையின் தண்ணீர்க் கணக்கை எடுத்தால் என்ன? ஒரு கண்டக்டிவிட்டி மீட்டர், ஒரு வாரம் அலைச்சல், ஒரு எக்ஸெல் ஷீட். எத்தனையோ லைன் ஃபாலோயர் ரோபோவைவிட அந்த ரிப்போர்ட் அந்தப் பட்டறைக்காரருக்கு உபயோகமா இருக்கும்.

அதுவரைக்கும் ஒன்று மட்டும் செய்யுங்க. அடுத்த ஐ.வி.யிலோ இன்டர்ன்ஷிப்பிலோ, போட்டோ எடுத்து முடிச்ச பிறகு, மூணு கேள்வி கேளுங்க. உங்க கூலிங் டவர் எத்தனை சைக்கிளில் ஓடுது? ஃபில்டர் பேக்வாஷ் தண்ணீர் எங்கே போகுது? ப்ளோடவுன் வால்வை யார், எதைப் பார்த்துத் திறக்கிறாங்க? மூணாவது கேள்விக்குப் பதில் தெரிஞ்சவர் பெரும்பாலும் மீட்டிங் ரூமில் இருக்க மாட்டார், பம்ப் ஹவுஸில் இருப்பார். அவர்கிட்ட போய்ப் பேசுங்க.

கிடைச்ச பதிலை, கம்பெனி பேர் இல்லாமல், நம்ம இதழுக்கு அனுப்புங்க. பத்து பதில் வந்தால் போதும், மேற்குப் புறநகர் தண்ணீர் எத்தனை சுற்று சுற்றுது என்று அடுத்த இதழில் ஒரு டேபிளே போட்டுடலாம்.